தேயிலை அடுப்பில் ஓர் அருவி

அட்டனிலிருந்து தலவாக்கலை நோக்கி வளைந்து வளைந்து செல்லும் பாதையில் ஒருமுறையேனும் பிரயாணம் செய்தவர்களுக்கு டெவன் அருவியையும் சென்கிளேயர் அருவியையும் அறிமுகஞ் செய்து வைக்க வேண்டியதில்லை. பஸ் வண்டியில் சன்னலோரம் இடம் பிடித்த பாக்கியசாலி மாத்திரமன்றி, கம்பியைப் பற்றிக்கொண்டு நின்று வருபவருங்கூடக் கழுத்தை நீட்டி ஒரு கணம் அவற்றைப் பார்த்துவிட்டே வருவார். உயரத்தில் நிற்கும் தண்ணீர் பள்ளத்தை நாடி விழுகின்றது. விழும் வழியில் ஒரு சக்கரத்தைக் குறுக்கே வைத்தால் அதனைச் சுழற்றிவிட்டுப் போகின்றது. நீர்மின்சாரத்தின் இரகசியம் இவ்வளவுதான். தலவாக்கலையில் அணை கட்டி, 2012 ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய 150 மெகாவாட் மேல் கொத்மலைத் திட்டமும் இந்த இரகசியத்தின் மேல் எழுந்ததேயாகும்.

அந்தப் பாதையிலேயே கண்ணுக்குப் புலப்படாத வேறு அருவிகளும் உண்டு. தேயிலைக் குன்றுகளின் நடுவே மாடி மேல் மாடியாகத் தகரக் கூரை மின்ன நிற்கின்றனவே, அந்தத் தேயிலைத் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றின் உள்ளும் ஓர் அருவி விழுகின்றது. தோட்டத்து மக்கள் 'ஸ்டோர்' என்று வழங்கும் அக்கட்டிடத்தின் ஒரு கோடியில், விறகு வெந்து தணலாகும் பெரிய அடுப்பு ஒன்று இருக்கும். அந்த அடுப்பில் விழுவது வெப்பத்தின் அருவி. அதற்குக் குறுக்கே ஒரு சக்கரத்தை வைக்க முடியுமா என்பதே இவ்வாரம் நாம் ஆராய எடுத்துக்கொண்ட விஷயம்.

வெப்பம் அருவியைப் போல விழுகின்றது என்பது நமது கற்பனையன்று. 1824 ஆம் ஆண்டில், இருபத்தெட்டு வயது நிரம்பிய சாடி கார்னோ என்னும் பிரெஞ்சு இளைஞர் நெருப்பின் இயக்கு வலுவைப் பற்றி ஒரு சிறு நூலை வெளியிட்டார். நீர்வீழ்ச்சியின் வலு தண்ணீரின் அளவையும் அது விழும் உயரத்தையும் பொறுத்திருப்பது போல, நெருப்பின் வலு வெப்பத்தின் அளவையும், அது எவ்வளவு சூடான இடத்திலிருந்து எவ்வளவு குளிர்ந்த இடத்துக்கு இறங்குகின்றது என்பதையும் பொறுத்தது என்று அவர் அதில் எடுத்துக் காட்டினார். வெப்பம் என்பது ஒருவகைத் திரவம் என்று அவர் எண்ணியது பிழை. ஆயினும் அப்பிழையின் மீது அவர் கட்டிய முடிவு இன்றுவரை அசையவில்லை. விஞ்ஞான வரலாற்றில் இப்படியும் சில அதிசயங்கள் நிகழ்வதுண்டு! கார்னோ முப்பத்தாறாவது வயதில் வாந்திபேதியால் இறந்தார்; தமது நூலின் பெருமையை உலகம் உணர்ந்ததை அவர் பார்க்கவில்லை.

இனித் தேயிலை அடுப்புக்கு வருவோம். விறகின் சுவாலை எண்ணூறு பாகை சென்டிகிரேட்டுக்கும் மேற்பட்ட சூட்டில் எரிகின்றது. ஆனால் அரைத்துப் புளித்த கொழுந்தை உலர்த்துவதற்கு வேண்டிய காற்றின் சூடோ ஏறக்குறைய நூறு பாகைதான். அதற்கு மேற்போனால் தேயிலை கருகிப் பேர் கெட்டுவிடும். எண்ணூறிலிருந்து நூறுக்கு அந்த வெப்பம் ஒரே பாய்ச்சலில் இறங்குகின்றது. அந்த இறக்கத்தில் ஒரு வேலையும் நடைபெறுவதில்லை. அதே வேளையில், அடுப்புக்குப் பத்தடி தூரத்தில் விசிறியைச் சுழற்றுவதற்கும் ரோதையை உருட்டுவதற்கும் மின்சாரக் கம்பியிலிருந்து மாதந்தோறும் பணம் கொடுத்து மின்சாரம் வாங்கப்படுகின்றது. அருவியின் கீழே வீடு கட்டிக்கொண்டு தண்ணீருக்குக் கடைத்தெருவுக்குப் போகிறவனை நாம் என்ன சொல்லுவோம்?

மண் அடுப்பிலிருந்து சிறொக்கோ வரை

இப்படி நேர்ந்தது எவருடைய மடமையாலுமன்று. மலைநாட்டில் தேயிலையும் இயந்திரமும் கைகோத்து வளர்ந்த விதம் அப்படி.

1867 ஆம் ஆண்டில் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை பயிரிட்டபோது அவருக்குத் தொழிற்சாலை ஏது? பங்களாத் திண்ணையே தொழிற்சாலை. மேசை மீது கொழுந்தைப் பரப்பிக் கையால் உருட்டி, மண் அடுப்பில் கரி நெருப்பின் மேல் கம்பித் தட்டுக்களை வைத்து உலர்த்தினார்கள். பின்னர் தோட்டங்கள் பெருகின. நீராவி இயந்திரங்களும் நீர்ச் சக்கரங்களும் நீர்ச் சுழலிகளும் வந்தன. ஓடை ஓடும் தோட்டங்கள் ஓடையைக் கட்டின; ஓடையற்றவை விறகையும் எண்ணெயையும் நம்பின. தொழிற்சாலையின் பெருஞ் சக்கரத்தைத் தோட்டத்து மக்கள் வியந்தார்கள், அஞ்சினார்கள், முடிவில் வணங்கவும் தலைப்பட்டார்கள். ரோதமுனி என்னும் காவல் தெய்வத்துக்குப் படையலிடும் வழக்கம் இவ்வாறு பிறந்தது. சுழலும் சக்கரத்துக்கென்று ஒரு முனியையே படைத்துக்கொண்ட மக்கள் மலைநாட்டு மக்கள்.

மின்சாரத்தின் கதை வேறு வழியில் வந்தது. மஸ்கெலி ஓயா, கெஹெல்கமு ஓயா ஆகிய ஆறுகளின் வீழ்ச்சியைக் கொண்டு நாட்டுக்கு வேண்டிய மின்சாரத்தைப் பெறலாம் என்று டி. ஜே. விமலசுரேந்திர என்னும் பொறியியலாளர் 1918 ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வாசித்தார். லக்சபான மின்நிலையம் இயங்கியது 1950 ஆம் ஆண்டில். இடையில் கழிந்தவை முப்பத்திரண்டு ஆண்டுகள். நல்ல வேளையாக அவர் 1953 வரை உயிரோடிருந்து அதைக் கண்டார். பெரிய மின்சாரக் கம்பி மலைகளைத் தாண்டித் தோட்டங்களுக்கு வந்தபோது, தோட்டங்கள் தாமே நடத்திய சிறு நீர்ச் சுழலிகள் பலவற்றில் பாசி படர்ந்தது. பொத்தானை அழுத்தினால் மின்சாரம் வரும்போது ஓடையில் இறங்கிச் சருகு அள்ளுவார் யார்? பிற்காலத்தில் அவற்றுட் சில மீண்டும் புதுப்பிக்கப்பட்டன என்பது ஆறுதலான செய்தி.

அடுப்பு மட்டும் தன் பாட்டில் எரிந்துகொண்டிருந்தது. அதன் வெப்பம் உலர்த்துவதற்கு. சக்கரத்தைச் சுழற்றுவது வேறொரு பொருளின் வேலை. இந்த இரண்டும் வெவ்வேறு கணக்குப் புத்தகங்களில் எழுதப்பட்டன.

இருள் சூழ்ந்த பங்குனி

2022 ஆம் ஆண்டு வந்தது. டொலர் தட்டுப்பாட்டால் எரிபொருள் கப்பல்கள் நின்றன. மார்ச் மாத இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்டது. நகரத்தில் அதனால் புழுக்கமும் கொசுக்கடியும். தேயிலைத் தொழிற்சாலையிலோ அதைவிடப் பெரிய தொல்லை.

பச்சைக் கொழுந்து காத்திராது. காலையில் பறித்த கொழுந்து மடுவத்தில் நிறுக்கப்பட்டு, தொட்டிகளில் பரப்பப்பட்டுப் பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேலாகக் காற்றில் வாடும். பிறகு ரோதையில் அரைபடும். அரைபட்ட நொடியிலிருந்து இலையின் சாறு காற்றோடு கலந்து நிறமும் மணமும் மாறத் தொடங்கும். இரண்டு மூன்று மணி நேரத்தில் அது உலர்த்தும் இயந்திரத்துக்குள் போயே ஆகவேண்டும். அந்த நேரத்தில் விசிறி நின்றுவிட்டால், அடுப்பில் எவ்வளவு நெருப்பிருந்து என்ன பயன்? நெருப்பின் சூட்டை இலையிடம் கொண்டுபோய்ச் சேர்க்கக் காற்றில்லை. மாற்றம் தொடர்ந்து நடந்து தேயிலை சாரமிழந்து புளிக்கும். டீசல் மின்பிறப்பாக்கி வைத்திருந்தவர்கள் அதை ஓட்டலாம். ஆனால் டீசலுக்கும் அப்போது நெடிய வரிசை. தொழிற்சாலை கொழுந்தை ஏற்க இயலாதபோது மலையில் கொழுந்தெடுப்பும் குறையும். அரைப் பேர் விழுந்த நாளில் ஒரு தாய்க்குக் கிடைப்பது எவ்வளவு என்பதைத் தோட்டத்தில் பிறந்த நேயர்களுக்கு நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அதற்குப் பின், 2022 ஓகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் மின்கட்டணம் மிகப் பெரிய அளவில் உயர்த்தப்பட்டது.

விசிறியைச் சுழற்றும் வலு விசிறிக்கு எதிரே எரியும் அடுப்பிலேயே இருந்தது என்பதுதான் இக்கதையின் கசப்பான பகுதி.

பெல்பாஸ்ட் நகரின் இரு மனிதர்கள்

அந்த வலுவை எடுப்பதற்குப் பழைய நீராவி இயந்திரம் போதாதா என்று கேட்கலாம். பெரிய ஆலைகளுக்குப் போதும். சிறியவற்றுக்கு அது தொல்லைமிக்க வேலைக்காரன். தண்ணீரைச் சுத்திகரிக்க வேண்டும், கொதிகலனை இடைவிடாது காவல் காக்க வேண்டும். அவ்வளவு பாடுபட்டும் சிறிய நீராவிச் சுழலி விறகின் வெப்பத்தில் மிகச் சிறு பங்கையே மின்சாரமாக்கித் தரும். ஆகையால் விஞ்ஞானிகள் தண்ணீருக்குப் பதிலாக வேறொரு பொருளை நாடியிருக்கிறார்கள். சோடாப் போத்தலைத் திறந்ததும் 'புஸ்'ஸென்று சீறி வருவதும், நாம் மூச்சு விடும்போது வெளியேறுவதுமான கரியமில வாயுவே அது. பாடசாலைப் புத்தகங்கள் அதனைக் காபனீரொட்சைட்டு என்று சொல்லும்.

இங்கே ஓர் இனிய தற்செயலைக் குறிப்பிடாமல் செல்ல மனம் வரவில்லை. தேயிலை உலர்த்தும் இயந்திரத்துக்குச் 'சிறொக்கோ' என்னும் பெயர் உலகமெங்கும் வழங்கியது. சகாராப் பாலைவனத்திலிருந்து வீசும் சுடுகாற்றின் பெயர் அது. அதனை உருவாக்கிய சாமுவேல் டேவிட்சன் அயர்லாந்தின் வடபகுதியைச் சேர்ந்தவர். இளமையில் அசாம் பக்கத்துக் காச்சார் தேயிலைத் தோட்டங்களில் வேலை பார்த்து, ஊர் திரும்பி, 1881 ஆம் ஆண்டில் பெல்பாஸ்ட் நகரில் சிறொக்கோ இயந்திரசாலையை நிறுவினார். அதே பெல்பாஸ்ட் நகரிலே, அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னர், இராணிக் கல்லூரியின் இரசாயனப் பேராசிரியர் தோமஸ் அன்ட்ரூஸ், மெல்லிய கண்ணாடிக் குழாய்களில் கரியமில வாயுவை அடைத்து அமுக்கிப் பார்த்த தமது பரிசோதனைகளை 1869 ஆம் ஆண்டு உலகுக்கு அறிவித்தார். ஒருவர் தேயிலைக்கு அடுப்பைத் தந்தார். மற்றவர் அந்த அடுப்பின் வலுவை ஒருநாள் கறக்கக்கூடிய பொருளின் இயல்பைக் கண்டறிந்தார்.

அன்ட்ரூஸ் கண்டது இதுதான். குளிர்ந்த கரியமில வாயுவை அமுக்கினால் அது திரவமாகிவிடும். குழாயின் அடியில் திரவமும் அதற்கு மேலே வாயுவுமாக, நடுவே ஒரு கோடு தெளிவாகத் தெரியும். ஆனால் சூடு 31 பாகை சென்டிகிரேட்டைத் தாண்டிவிட்டால் எவ்வளவு அமுக்கினாலும் அந்தக் கோடு தோன்றுவதில்லை. திரவமா வாயுவா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரு நிலையை அப்பொருள் அடைந்துவிடுகின்றது. வாயுவைப் போலப் பரவும், திரவத்தைப் போலக் கனக்கும். இந்த எல்லையை அவதி வெப்பநிலை என்பர். 'அவதி' என்பதற்கு எல்லை என்பது பொருள். துன்பம் என்று கொண்டு மாணவர்கள் மருள வேண்டாம். அந்த எல்லையில் வேண்டிய அமுக்கம் வளிமண்டல அமுக்கத்தைப் போல ஏறக்குறைய 73 மடங்கு. அங்கே ஒரு லீற்றர் கரியமில வாயு அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக நிறுக்கும். சாதாரண நிலையில் ஒரு லீற்றரின் நிறை இரண்டு கிராம்தான் என்பதை ஒப்பிட்டுப் பார்த்தால் வியப்பு விளங்கும்.

தேநீரோடும் இதற்கு ஓர் உறவுண்டு. தேயிலையிலும் கோப்பிக் கொட்டையிலும் உள்ள கஃபீனை நீக்குவதற்கு அவதி கடந்த இக்கரியமில வாயுவைத்தான் தொழிற்சாலைகள் பல பயன்படுத்துகின்றன. கஃபீனை உருவி எடுத்துக்கொண்டு மணத்தைப் பெரும்பாலும் விட்டுச் செல்லும் நல்ல குணம் அதற்கு உண்டு.

சக்கரம் சுழலும் விதம்

இதைக் கொண்டு மின்சாரம் பெறும் இயந்திரத்தின் போக்கு மிகச் சிக்கலானதன்று. மூடிய குழாய்ச் சுற்று ஒன்றில் கரியமில வாயு ஓயாமல் வட்டமிடுகின்றது. 31 பாகைக்குச் சற்று மேலே, திரவத்தைப் போன்ற கனத்தோடு இருக்கும்போது அதனை ஓர் அமுக்கி பிடித்து இருநூறு, இருநூற்றைம்பது மடங்கு அமுக்கத்துக்கு ஏற்றுகின்றது. பின்பு அது அடுப்பின் சூட்டை வாங்கிக்கொண்டு ஐந்நூறு பாகை போன்ற வெப்பத்தில் ஒரு சுழலியின் மீது பாய்கின்றது. சுழலி மின்பிறப்பாக்கியைச் சுழற்றுகின்றது. வேலை செய்து களைத்த வாயு, தன்னிடம் எஞ்சிய சூட்டை ஒரு வெப்பமாற்றியின் வழியே எதிரே வரும் குளிர்ந்த வாயுவுக்குக் கொடுத்துவிட்டு, குளிர்விப்பானில் ஆறி மீண்டும் அமுக்கியிடம் வருகின்றது.

இதன் சூட்சுமம் அமுக்கும் இடத்தில் இருக்கின்றது. சாதாரண வாயுச் சுழலியில், சுழலி சம்பாதிப்பதிற் பாதிக்கு மேற்பட்ட பங்கை அமுக்கியே விழுங்கிவிடும். சம்பளம் வந்த அன்றே கடன்காரன் வாசலில் நிற்பது போன்ற நிலை. கரியமில வாயுவோ அவதி நிலைக்கு அருகில் திரவம் போலக் கனமாக இருப்பதால் அதனை அமுக்குவதற்கு வேண்டிய வேலை மிகக் குறைவு. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கோடு கடன் தீர்ந்துவிடுகின்றது. கனமான பொருளாதலால் இயந்திரமும் சிறுத்துவிடுகின்றது. ஒரு சிற்றூருக்கு மின்சாரம் தரக்கூடிய சுழலியை எழுதுமேசையளவில் செய்துவிடலாம்.

எண்ணம் புதியதன்று. 1948 ஆம் ஆண்டிலேயே சுவிட்சர்லாந்தின் சுல்சர் நிறுவனம் இதுபோன்ற ஒன்றுக்கு உரிமைப் பத்திரம் பெற்றது. 1967, 1968 ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் பெஹர் என்பவரும் இத்தாலியில் அஞ்செலினோ என்பவரும் அதன் கணக்குகளை விரிவாக எழுதினார்கள். ஆனால் அத்தனை அமுக்கத்தையும் சூட்டையும் தாங்கும் மெல்லிய வெப்பமாற்றிகளைச் செய்யும் கைத்திறன் அன்று இல்லை. விமலசுரேந்திரவின் கட்டுரை முப்பத்திரண்டு ஆண்டு காத்திருந்தது என்றால், இது அதனினும் இரு மடங்குக்கு மேல் காத்திருந்தது.

2017 ஆம் ஆண்டில் பெங்களூரிலுள்ள இந்திய விஞ்ஞானக் கழகத்தில், சூரிய வெப்பத்தை நோக்கமாகக் கொண்டு, இவ்வகைச் சிறு பரிசோதனைச் சுற்று ஒன்று திறந்து வைக்கப்பட்டது. 2022 ஏப்ரல் மாதத்தில், அதாவது இலங்கை இருளில் மூழ்கியிருந்த அதே நாட்களில், அமெரிக்காவின் நியூ மெக்சிக்கோவிலுள்ள சண்டியா தேசிய ஆய்வுகூடத்தின் கரியமில வாயு இயந்திரம் முதன்முறையாக மின்சாரக் கம்பியோடு இணைக்கப்பட்டுப் பத்துக் கிலோவாட்டை ஐம்பது நிமிட நேரம் வழங்கியது. பத்துக் கிலோவாட் என்றால் சில வீடுகளுக்குப் போதும். டெக்சாசின் சான் அன்ரோனியோவில் பத்து மெகாவாட்டுக்கென அமைந்த பரிசோதனை நிலையம் 2024 இல் மின்சாரம் பிறப்பித்தது. அதன் சுழலி நிமிடத்துக்கு 27,000 முறை சுற்றுகின்றது. 2025 டிசம்பரில் சீனாவின் குவெய்சோ மாகாணத்து உருக்காலை ஒன்றில், வீணாகும் வெப்பத்தைக் கொண்டு தலா 15 மெகாவாட் தரும் இரு இயந்திரங்கள் வணிக முறையில் ஓடத் தொடங்கின.

குளிரும் ஒரு செல்வம்

உருக்காலைக்கு ஏற்றது தேயிலைத் தொழிற்சாலைக்கு ஏற்குமா? இங்கே மலைநாட்டுக்கு ஒரு தனி அனுகூலம் உண்டு. அருவியின் வலு மேலே உள்ள உயரத்தை மட்டும் பொறுத்ததன்று. கீழே உள்ள பள்ளத்தையும் பொறுத்தது. கரியமில வாயு 31 பாகை வரை ஆறவேண்டும். கொழும்பின் நண்பகலில் வெளிக்காற்றே அவ்வளவு சூடாயிருக்கும். அதைக் கொண்டு எதனை ஆற்றுவது? கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்தில் நிற்கும் நுவரெலியாவிலோ ஆண்டின் சராசரி வெப்பநிலை பதினாறு பாகை அளவில் இருக்கின்றது. கம்பளிச் சட்டைக்குள் நடுங்கிக்கொண்டு நாம் சபிக்கும் அந்தக் குளிர், இந்த இயந்திரத்துக்கு ஆழமான பள்ளத்தாக்கு.

இன்னொன்று. குளிர்விப்பானுக்குள் நுழையும்போது வாயுவில் எழுபது, எண்பது பாகைச் சூடு எஞ்சியிருக்கும். மின்நிலையத்தில் அந்தச் சூடு வீண். ஆனால் கொழுந்து வாடும் தொட்டிகளுக்கு மழைக்காலத்தில் என்ன வேண்டும்? மூடுபனியின் ஈரக் காற்றைச் சற்றே வெதுவெதுப்பாக்கித் தரவேண்டும். இலை வெந்துவிடவும் கூடாது. குளிர்விப்பானின் மேல் வீசிய காற்று இயந்திரத்தை ஆற்றிவிட்டு அப்படியே கொழுந்தை வாட்டப் போகலாம். உருக்காலைக்காரன் வெளியே எறியும் எச்சில் வெப்பத்துக்கு இங்கே ஒரு பந்தி காத்திருக்கின்றது.

சிறு கணக்கொன்று போட்டுப் பார்ப்போம். பென்சிலும் தாளும் இருந்தால் மாணவர்களும் கூடவே போடலாம். ஒரு கிலோ தேயிலை செய்ய நாலரைக் கிலோ அளவு பச்சைக் கொழுந்து தேவை. அதற்குச் சுமார் ஒன்றரைக் கிலோ விறகு எரிகின்றது என்று வைத்துக்கொள்வோம்; சில தொழிற்சாலைகளில் அதிகமாகவும் எரியும். ஓரளவு உலர்ந்த விறகில் கிலோவுக்கு நாலு யூனிட் வெப்பம் உண்டு. ஆக ஆறு யூனிட். அதே ஒரு கிலோ தேயிலைக்குச் செலவாகும் மின்சாரம் முக்கால் யூனிட் அளவு. வெப்பத்தில் எட்டில் ஒரு பங்கு! ஐந்நூறு பாகையிலிருந்து நூறு பாகைக்கு இறங்கும் வெப்பத்தில் பாதிக்குச் சற்று மேல் வேலையாக மாறலாம் என்பது கார்னோவின் மேல் எல்லை. சிறிய இயந்திரம் அந்த எல்லைக்கு அருகிலும் வராது. ஐந்தில் ஒரு பங்கு தேறினாலே அதனை மெச்சலாம். அதன்படி முக்கால் யூனிட்டுக்கு மூன்றே முக்கால் யூனிட் வெப்பம் இயந்திரத்தின் வழியே செல்ல வேண்டும். மிச்சம் மூன்று யூனிட்டில் எவ்வளவு வாட்டுவதற்கும் உலர்த்துவதற்கும் திரும்பி வருகின்றதோ அவ்வளவுக்கு விறகு மிச்சம். முழுவதும் திரும்பி வந்தால் எட்டில் ஒரு பங்கு விறகே கூடுதலாக வேண்டும். முழுவதும் திரும்பி வராது என்பதையும் சொல்லிவிடுவதே நியாயம்.

விறகு கூடுதலாக வேண்டும் என்றவுடன் சிலர் முகஞ் சுளிக்கலாம், சுளிக்க வேண்டியதுதான். மேட்டுக் காடுகளை வெட்டினால் ஓடை வற்றும். ஓடை வற்றினால் கண்ணுக்குத் தெரியும் அருவியும் போய்விடும். கவ்வாத்து மலையில் மிலாறு பொறுக்கி, கட்டாகக் கட்டித் தலையில் சுமந்து லயத்துக்கு வரும் பெண்களுக்கு விறகின் அருமை நன்றாகத் தெரியும். தொழிற்சாலைக்குக் கீழ்நாட்டிலிருந்து லொறியேறி வரும் இறப்பர் விறகும், தோட்டத்திலேயே நட்டு வளர்க்கும் யூகலிப்டசுமே பொருத்தமானவை. அவற்றையும் ஈரத்தோடு அடுப்பில் போடுவது விறகைக் கொண்டு தண்ணீர் காய்ச்சுவதற்கு ஒப்பாகும். கூரை போட்ட கொட்டகையில் சில மாதம் உலர்த்திய விறகு தரும் இலாபம், எந்தப் புதுமை இயந்திரமும் வருவதற்கு முன்பே கையில் கிடைக்கக்கூடிய இலாபம்.

தடைகள்

குறைகளையும் மறைக்கலாகாது. இயந்திரம் சிறியதாகச் சிறியதாக அதன் சுழலி நுண்ணியதாகி, வேகம் தலைதெறிக்கின்றது. சண்டியாவின் சிறு சுழலிகள் நிமிடத்துக்கு 75,000 சுற்றுக்களுக்கென வடிவமைக்கப்பட்டவை. அத்தகைய அச்சைத் தாங்கும் தாங்கிகளும், அதன் ஓரமாகக் கசியும் வாயுவைத் தடுக்கும் அடைப்புக்களுமே ஆராய்ச்சியாளரின் தலைவலி. மெகாவாட் கணக்கில் வென்றிருக்கும் இயந்திரம், தேயிலைத் தொழிற்சாலைக்கு வேண்டிய சில நூறு கிலோவாட் அளவில் இன்னும் தன்னை நிலைநாட்டவில்லை. விறகுச் சாம்பல் குழாய்களின் மேற் படியும். அதனைச் சுரண்ட வேண்டும். வெப்பமாற்றிக்கு உயர்ந்த உலோகம் வேண்டும், விலை கொஞ்சமன்று. மூடிய அறைக்குள் கரியமில வாயு கசிந்தால் காற்றைவிடக் கனமான அது தரையோடு தங்கி மூச்சைத் திணற வைக்கும். 1986 ஆம் ஆண்டில் கமரூன் நாட்டின் நியோஸ் ஏரியிலிருந்து வெளிவந்த அவ்வாயு ஏறக்குறைய 1,700 உயிர்களைக் குடித்தது. இயந்திரத்தினுள் இருப்பது அதனோடு ஒப்பிட முடியாத சிறு அளவே எனினும், காற்றோட்டமும் எச்சரிக்கை மணியும் இல்லாமல் அதனை ஓட்டக்கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, நீர்ச் சுழலி பழுதானால் தோட்டத்து இயந்திரத் தொழிலாளி ஒரு திருகாணிச் சாவியோடு சென்று சரிசெய்துவிடுவார். 75,000 சுற்றுச் சுழலிக்கு அட்டன் கடைத்தெருவில் உதிரிப்பாகம் கிடைக்குமா? இதற்குப் போட்டியாக, பென்டேன் போன்ற எளிதில் ஆவியாகும் திரவங்களால் ஓடும் சிறு இயந்திரங்கள் ஏற்கெனவே விற்பனைக்கு உள்ளன. அவை எடுப்பது குறைவேயாயினும் ஓடுவது நிச்சயம். நாளைக்கே ஒரு தோட்டத்துரை வந்து எதை வாங்கலாம் என்று கேட்டால், ஓடை இருந்தால் ஓடையைக் கட்டுங்கள், அடுத்தபடி விறகை உலர்த்துங்கள் என்றே நாம் சொல்லுவோம். ஆனால் தை, மாசி மாதங்களில் ஓடை சுருங்கும். அடுப்போ கொழுந்து வரும் நாளெல்லாம் எரிந்தே தீரவேண்டும். ஆகையால் அடுப்பின் பக்கமும் ஒரு கண் வைத்திருப்பது நல்லது.

அதற்கு இப்போதே செய்யக்கூடிய காரியம் ஒன்றுண்டு. தலவாக்கலை சென்கூம்ஸ் தோட்டத்தில், 1925 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கின்றது. மலையிலிருந்து சற்று இறங்கினால் பேராதனையில் பொறியியற் பீடம் இருக்கின்றது. தோட்டத்து லயத்தில் படித்து அப்பீடத்துக்குள் நுழையும் மாணவர்களும் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஒருவர், ஒரு தராசையும் ஒரு வெப்பமானியையும் எடுத்துக்கொண்டு, தமது தோட்டத்து ஸ்டோரில் ஒரு வாரம் இரவும் பகலும் உட்கார்ந்திருக்கலாம். மணிக்கு எத்தனை கிலோ விறகு உள்ளே போகின்றது, சுவாலையின் சூடு எவ்வளவு, புகைபோக்கியால் வெளியேறும் சூடு எவ்வளவு, மின்மானி எத்தனை யூனிட் ஓடியது, வாடும் தொட்டியில் காற்றின் ஈரம் எப்படி என்று குறித்துக்கொண்டு வரலாம். சுழலியைத் தேடுவதற்கு முன்னர் அருவியின் உயரத்தை அளக்க வேண்டும். விமலசுரேந்திரவும் முதலில் அதைத்தான் செய்தார்.